எந்த மோர்ஸ் கீ பார்சலில் பிழைக்கும்?

அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் மேலும் கீழும் தட்டுகிற சாதாரண மோர்ஸ் கீயை மேசையோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள். அது அலுவலகத்தின் சொத்து, இடத்தைவிட்டு நகராது. வைப்ரோபிளெக்ஸ் அப்படியல்ல. அனுப்புகிறவர் தம் கைக்காசில் வாங்கி, வேலைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் தூக்கிச் செல்லும் கருவி அது. கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளி இயக்க வேண்டும். திருகாமல் வைத்து, பக்கத்தில் தள்ளியும் நகராமல் இருக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். ஆகவே கனத்த இரும்பு அடித்தளம் கொடுத்தார்கள். முழுக் கருவியும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தொடும். மேசையில் நங்கூரமாக இருந்த அந்த எடை, அட்டைப் பெட்டிக்குள் போனதும் சுத்தியலாகிவிடுகிறது. பழைய கீக்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் யார் செய்தது, எந்த ஆண்டு, எவ்வளவு அரிது என்று பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். எப்படி வந்து சேரும் என்ற கேள்வி தபால் செலவுக் கணக்காக மட்டும் கடைசியில் எட்டிப் பார்க்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். இன்று விற்பனைக்கு வரும் கீக்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறது. வாங்குகிறவர் வேறொரு கண்டத்தில் இருந்தால், எந்தக் கீ என்பதும் எந்த வழியில் என்பதும் ஒரே கேள்விதான்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போதும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கைதவறி விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் பொருள் அந்த வேகத்தை எவ்வளவு தூரத்துக்குள் இழக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் நுரையில் அமுங்கி நின்றால் அதன் எடையைப் போல 20 மடங்கு விசை அதன்மேல் விழும். அட்டையும் ஒரு சுற்றுத் துணியும் மட்டும் இருந்து 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 200 மடங்கு. ஒன்றரைக் கிலோ கருவிக்கு முதலாவது 30 கிலோ சுமை, இரண்டாவது 300 கிலோ. இவை சராசரிகள், நுரை கடைசிவரை ஒரே சீராக அமுங்குவதில்லை என்பதால் உச்சத்தில் இன்னும் கூடும். இந்தப் பெருக்கல் முழுக் கருவிக்கு மட்டுமல்ல, அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக நடக்கிறது. மெல்லிய எஃகுப் பட்டையின் நுனியில் முப்பது கிராம் எடைக்கட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் பட்டை தாங்க வேண்டியது ஆறு கிலோ. எனவே கீக்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அதன் கழுத்து எங்கே மெலிந்திருக்கிறது, அந்தக் கழுத்து சுமக்கும் தலையைக் கழற்றிவிட முடியுமா என்பதைத்தான். முடியாதென்றால், ஒடிந்தபின் அதே உறுப்பு கிடைக்குமா என்பது அடுத்தது.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, வியப்பாக, மிகப் பழைய வகைகளில் ஒன்று. வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு 1844 மே 24 அன்று மோர்ஸ் செய்தி அனுப்பிய சில ஆண்டுகளில் அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் ‘கேமல்பேக்’ என்ற வடிவம் பரவியது. ஒட்டகத்தின் முதுகுபோல் வளைந்த பித்தளை நெம்புகோல், அதன் குறுக்கே செருகிய எஃகு அச்சு. சேகரிப்பாளர்கள் இதன் அழகில் மயங்குவது நியாயமே. ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு குறை அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. மென்மையான பித்தளைக்குள் அடித்துச் செருகிய எஃகு அச்சு, நாள்பட்ட தட்டலில் தளர்ந்து ஆடத் தொடங்கிவிடும். ஜேம்ஸ் எச். பன்னல் 1881 பிப்ரவரியில் காப்புரிமை பெற்ற எஃகு நெம்புகோல் கீ இதற்கான பதில்: நெம்புகோலும் அச்சும் ஒரே எஃகுத் துண்டு, தளர்வதற்கு இணைப்பே இல்லை. அலுவலக மேசையில் ஆண்டுக்கணக்கில் விழுந்த தட்டல்கள் கேமல்பேக்குக்குச் செய்ததை, தபால் லாரியின் ஒரு குலுக்கல் ஒரே நாளில் செய்துவிடக்கூடும். பன்னல் எந்தப் பார்சலையும் மனத்தில் வைத்து இதை வடிவமைக்கவில்லை. என்றாலும் நீண்ட பயணத்துக்கு ஏற்ற பழைய கீ எது என்று கேட்டால் எஃகு நெம்புகோல் கீயைத்தான் சொல்வேன். எடை குறைவு, உடையும் பொருள் குமிழ் ஒன்றுதான், அதையும் திருகிக் கழற்றலாம். நிறைய நிறுவனங்கள் இந்த வடிவத்தைச் செய்ததால் அரிதும் அல்ல. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதிலேயே காலுள்ளவை, காலில்லாதவை என்று இரண்டு உண்டு. காலுள்ள வகையில் அடியிலிருந்து இரண்டு நீண்ட திருகுகள் மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். மின்கம்பியை மேசைக்கு அடியில் கட்டுவார்கள். அந்தத் திருகுகள் நுரையைக் குத்திக்கொண்டு பெட்டியின் சுவரைத் தொட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். தொடக்கக்காரர் காலில்லாததை வாங்கலாம்.

பலரும் முதலில் வாங்குவது இதையல்ல, ஜே-38ஐ. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்காகப் பல நிறுவனங்கள் செய்து குவித்த கீ அது. பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் நிறுவனமும் செய்தது என்பதாலேயே லயனல் முத்திரை உள்ளதற்குச் சற்றுக் கூடுதல் மவுசு. மலிவு, கைக்கடக்கம், இன்றைய ஹாம் ரேடியோவில் அப்படியே இணைத்துப் பயன்படுத்தலாம். தரைவழித் தந்தியில், அனுப்பாத நேரத்தில் சுற்றை மூடி வைக்க உதவிய சிறு நெம்பு ரேடியோவில் தேவையில்லாதபோதும் ஜே-38இல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது; குடல்வால்போல. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் செய்யப்பட்ட ‘டபிள்யூ.டி. 8 ஆம்ப்’ என்ற ராணுவக் கீயும் இதே இனம். இரண்டுக்கும் பலவீனம் பேக்லைட். லியோ பேக்லேண்ட் 1907இல் உருவாக்கிய இந்தப் பொருள் சூட்டில் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. எனவே விரிசல் விட்டால் உருக்கி ஒட்ட வழியில்லை. பசை போட்டு ஒட்டியது கண்ணுக்குத் தெரிந்தே தீரும். டெர்மினல் திருகு இறுக்கமாகப் பிடித்திருக்கும் மூலையில்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். ஆனால் இங்கே மூன்றாவது கேள்வி கைகொடுக்கிறது: உடைந்தால் இன்னொன்று கிடைக்கும். நொறுங்கினால் பணம் போகும், வரலாறு போகாது. அதே பேக்லைட்டில் தொட்டி வடிவில் வந்த பிரிட்டிஷ் விமானப்படையின் ‘டைப் டி’ கீக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. அதில் பேக்லைட் உறைதான் கருவியின் முகம். அதில் விரிசல் விழுந்தால் மிஞ்சுவது உள்ளே இருக்கும் சாதாரணக் கீதான்.

இனி வைப்ரோபிளெக்ஸ். ஹோரஸ் மார்ட்டின் 1904இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவிக்குத் தந்திக்காரர்கள் வைத்த பெயர் ‘பக்’, பூச்சி. நாள் முழுக்கத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போகும் நோயை அமெரிக்கத் தந்திக்காரர்கள் ‘கண்ணாடிக் கை’ என்று சொன்னார்கள். அதிலிருந்து தப்பிக்க வந்த பூச்சி இது. கட்டைவிரலால் ஒருபுறம் தள்ளினால் நெம்புகோலின் பின்பகுதி ஊசல்போல் அதிர்ந்து புள்ளிகளைத் தானாகவே தட்டும். மறுபுறம் விரலால் தள்ளிக் கோடுகளைக் கையாலேயே போட வேண்டும். ஊசல்தண்டில் எடைக்கட்டியை நகர்த்தி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊசலை நெம்புகோலோடு இணைப்பது ஒரு தட்டை எஃகுப் பட்டை மட்டும்தான். மேலே சொன்ன முப்பது கிராமும் மெல்லிய கழுத்தும் கற்பனையல்ல என்பது இப்போது புரிந்திருக்கும். முழுதாக அப்படியே சுருட்டி அனுப்பப்பட்ட பக்கில் முதலில் வளைவது இந்தப் பட்டை. அடுத்தது புள்ளித் தொடுமுனையைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங். பிறகு, பின்னால் நின்று ஊசலை அமைதிப்படுத்தும் சிறு சக்கரமும் அதன் கையும்.

அப்படியென்றால் வைப்ரோபிளெக்ஸை வாங்கவே கூடாது என்றுதானே முடிவு வர வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். வரவில்லை. கனமும் மெலிவும் ஒரே உடம்பில் இருப்பது ஆபத்துதான். ஆனால் அந்த உடம்பைப் பிரித்து வைக்கலாம் என்பது அதைவிடப் பெரிய உண்மை. எடைக்கட்டி ஒரு திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். கட்டைவிரல் தகடும் விரல் குமிழும் அப்படியே. மிஞ்சிய ஊசலின் இருபுறமும் மென்நுரைத் துண்டைச் செருகி அசையாமல் நிறுத்திவிட்டால், அபாயம் வெறும் ஒன்றரைக் கிலோ இரும்பின் அபாயமாகச் சுருங்கிவிடும். வைப்ரோபிளெக்ஸ் நிறுவனம் இன்றும் பக் செய்து விற்கிறது. ஒடிந்த பட்டைக்கு மாற்றுத் தேடுவது குதிரைக்கொம்பு அல்ல. ஆகவே என் வரிசையில் வைப்ரோபிளெக்ஸ் நிபந்தனையோடு இரண்டாவது இடம் பெறுகிறது: விற்பவர் கழற்றி அனுப்பச் சம்மதித்தால் மட்டும். ‘முப்பது வருஷமாக இப்படியேதான் அனுப்புகிறேன், ஒன்றும் ஆனதில்லை’ என்று பதில் எழுதுகிறவரிடம் வாங்க வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பார்சல்கள் உள்ளூரில் போயிருக்கும். கண்டம் தாண்டும் பெட்டி எத்தனையோ கைகளும் கிடங்குகளும் மாறுகிறது. பக்கின் பெயர்த்தகட்டில் இருக்கும் தொடர் எண்ணும் நிறுவன முகவரியும்தான் அதன் வயதைச் சொல்லும் சான்று என்பதால், அதன்மேல் பிசின் நாடாவை ஒட்டி ஊசலைக் கட்டிவைக்கும் புத்திசாலிகளையும் முன்கூட்டியே தடுத்துவிட வேண்டும். பழைய கறுப்பு ஜப்பான் பூச்சும் அப்படித்தான். நாடாவோடு உரிந்து வந்துவிடும். ஜெர்மானிய யுங்கர் கீயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கப்பல்களில் புழங்கியது, உலோக உடல், உறுப்புகளை மூடி நிற்கும் உறை. கனத்தைக் கவனித்துக்கொண்டால் போதும்.

வரிசையின் கடைசியில் வருவது, வருத்தத்தோடு சொல்ல வேண்டியது, நம் கண்ணுக்கு மிக நெருக்கமான வகை. மெருகேற்றிய மரப்பீடத்தில் பித்தளை உறுப்புகள் கொண்ட பிரிட்டிஷ் தபால்துறைக் கீக்களும், அதே மரபில் கல்கத்தா அலிப்பூர்த் தந்திப் பட்டறையில் செய்யப்பட்ட இந்தியக் கீக்களும்தான் அவை. ஒரே திசையில் மின்னோட்டம் அனுப்பும் எளிய வகை ஓரளவு தாங்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அனுப்பும் இரட்டை மின்னோட்டக் கீயில் உறுப்புகள் அதிகம். சிலவற்றுக்குக் கண்ணாடி பதித்த பித்தளை உறையும் உண்டு. குளிர்நாட்டு வறண்ட அறையில் எண்பது ஆண்டு இருந்த மரம் கடற்கரை ஊரின் ஈரத்துக்கு வந்தால் உப்பும். திருகுத் துளையைச் சுற்றி வெடிக்கும். பித்தளையின் மேலிருக்கும் பழைய லாக்கர் பூச்சை ஒருமுறை இழந்தால் மறுபடி பூசலாம், ஆனால் அது அதே பொருளாக இராது. இவற்றில் எதையும் கழற்றிப் பிரித்து அனுப்பவும் முடியாது. நூறு வருடத் திருகின் தலை ஒரு முறை வழுக்கினாலே தழும்பு. கழுத்து மெலிவு, பிரிக்க முடியாது, மாற்றும் கிடையாது. மூன்று கேள்விக்கும் தோல்வி.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வரும். உடையக்கூடியதை எல்லோரும் ஒதுக்கினால், காப்பாற்றப்பட வேண்டியது எதுவோ அதுவே குப்பைக்குப் போகுமே. சேகரிப்பு என்பதே அரியதைக் காப்பதற்காகத்தானே? நியாயமான கேள்வி. ஆனால் நான் ஒதுக்கச் சொல்வது அந்தக் கீயை அல்ல, அதற்கான பார்சலை. பிரிட்டிஷ் இரட்டை மின்னோட்டக் கீ வேண்டுமென்பவர் அதைக் கையில் எடுத்துவர வழி தேட வேண்டும். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஹாம்வென்ஷன், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனில் நடக்கும் ஹாம் ரேடியோ கண்காட்சி போன்ற இடங்களில் இந்தக் கருவிகள் மேசைமேல் விரித்துக் கிடக்கும். தட்டிப் பார்த்து, அச்சு ஆடுகிறதா என்று விரலால் உணர்ந்து வாங்கலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியமல்ல. முறுக்கும் ஊறுகாயும் பயணப்படுகிற பெட்டியில் பித்தளையும் பயணப்படும். விமான நிலையச் சோதனையில் எக்ஸ்ரே திரையில் கனத்த உலோகத் துண்டாகத் தெரியும் என்பதால் எடுத்துக் காட்டத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியக் கீக்களை இந்தியாவுக்குள்ளேயே தேடலாம். இங்கே தந்திச் சேவை 2013 ஜூலையில்தான் நின்றது. ஆனால் எச்சரிக்கை: அலங்காரப் பொருளாக இந்தியாவில் செய்து ஏற்றுமதியாகும் புதுப் பித்தளைக் கீக்கள் ஏராளம். அவற்றையே பழசென்று விற்பவர்களும் உண்டு. தொடுமுனையில் வெள்ளியோ பிளாட்டினமோ பதிக்காமல் பித்தளையோடு பித்தளை முட்டுகிறதென்றால் அது ஒருநாளும் தந்தி அனுப்பியதில்லை.

இன்னொரு மறுப்பு காப்பீடு. ‘இன்ஷூர் செய்துவிட்டால் கவலை எதற்கு?’ காப்பீடு பணத்தைத் திருப்பித் தரும், அதுவும் நிபந்தனைகளோடு. பேக்கிங் போதவில்லை என்று காட்டிக் கோரிக்கையை மறுப்பது எந்த நாட்டுக் கூரியருக்கும் பழகிய வழி. பழம்பொருளுக்கு விலையை நிரூபிப்பது வாங்கியவரின் பாடு. இதைவிட மோசமானது, சுங்கவரியை மிச்சப்படுத்த விற்பவர் செய்யும் ‘உதவி’. சர்வதேசத் தபாலின் சி.என். 22, சி.என். 23 படிவங்களில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, விலையைப் பத்தில் ஒன்றாகக் குறிப்பார்கள். அது சட்டப்படி பொய். கூடவே, உடைந்தால் கிடைக்கப்போவதும் அந்தப் பத்தில் ஒன்றுதான். பொருளின் பெயரையும் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். ‘ரேடியோ கருவி’ என்று எழுதினால் உரிமம் தேவைப்படும் டிரான்ஸ்மிட்டரோ என்ற சந்தேகம் வரும், பெட்டி பிரிக்கப்படும், பிரித்தவர் அதே கவனத்தோடு மறுபடி கட்டமாட்டார். ‘பழைய கையியக்கத் தந்திக் கீ, பித்தளை, மின்கலம் இல்லை’ என்பது போதும். நூறு ஆண்டைத் தாண்டியது என்றால் சுங்கப் பட்டியலில் அதற்குத் தனி வகைப்பாடே உண்டு. வயதுக்கான சான்றை விற்பவரிடம் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புகிறவருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. 1920களுக்கு முந்தைய அலிப்பூர்க் கீயை வெளிநாட்டு நண்பருக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவர், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேக்கிங்கைப் பற்றி விற்பவருக்கு எழுதும்போது வெட்கப்படாமல் விரிவாக எழுதலாம். கூடுதல் செலவை ஏற்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் கேட்பார்கள். கழற்றக்கூடியதைக் கழற்றித் தனித்தனிச் சிறு பைகளில் போட வேண்டும். ஒரே பையில் போட்டால் எடைக்கட்டியே குமிழை உடைக்கும். உலோகத்தை அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்ற வேண்டும், செய்தித்தாளில் அல்ல. பபிள் ரேப் நேரடியாக லாக்கரைத் தொட்டு வாரக்கணக்கில் கிடந்தால் அதன் வட்டங்கள் பூச்சில் பதிந்துவிடும். பிறகு சிறு பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் நுரை, அதற்கு வெளியே பெரிய பெட்டி. தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி நிரப்புவது இலேசான பொருளுக்குச் சரி. கனத்த கீ ஒவ்வொரு குலுக்கலிலும் அவற்றை விலக்கிக்கொண்டு அடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கப்பல் வழி மலிவுதான், ஆனால் வாரக்கணக்கான ஈரத்தைக் கருதினால் மரமும் பித்தளையும் விமானத்தில் வரட்டும். எதில் வந்தாலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே வைக்கச் சொல்லலாம்.

பெட்டி வந்ததும் உடனே பிரிக்க வேண்டாம். குளிர்ந்த சரக்கறையிலிருந்து வந்த உலோகத்தில் நம் ஊர்க் காற்று பனித்துளியாகப் படியும். ஒருநாள் மூடியபடியே கிடக்கட்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், காப்பீட்டுக் கோரிக்கைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எபோனைட் குமிழ் வெயில்பட்டுப் பழுப்பேறியிருந்தால் அது பயணத்தில் வந்த சேதமல்ல, வயது. கீயை எடுத்ததும் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் அச்சைப் பிடித்திருக்கும் இரு திருகுகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா, நெம்புகோல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடுமுனைகள் கறுத்திருந்தால் அரம் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வெள்ளைத்தாளைச் செருகி, மெதுவாக அழுத்தியபடி இழுத்தால் அழுக்கு தாளோடு வந்துவிடும். தாள் வெள்ளையாகவே வெளிவரும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம்.